வதந்தியின் வழித்தடம்

உறுதி செய்யப்படாத ஒரு செய்தி, முதலில் சொன்னவர் யார் என்று தெரியாமலேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிக்கொண்டிருந்தால் அது வதந்தி. வடமொழியில் ‘வதந்தி’ என்றால் ‘சொல்கிறார்கள்’ என்று பொருள். சொல்கிறவர் யார் என்பது அந்தச் சொல்லிலேயே இல்லை. ‘ஊரில் பேசிக்கிறாங்க’, ‘ஏதோ சொல்றாங்க’ என்று தமிழில் தொடங்கும் பேச்சும் அப்படித்தான். வதந்தி பொய்யாகத்தான் முடிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆலை மூடப்போகிறது என்று தொழிலாளர்களிடையே உலவிய பேச்சு சில நாளில் மெய்யாகிப்போவதும் உண்டு. அதனால் ஆராய்ச்சியாளர்கள் மெய், பொய் என்ற கணக்கில் வதந்தியை வரையறுப்பதில்லை. கைமாறும் அந்த நேரத்தில் எவரும் அதைச் சரிபார்த்திருக்கவில்லை என்பதே அவர்கள் பார்க்கும் அடையாளம்.

வதந்தியைப் பற்றிய முதன்மையான அறிவியல் ஆய்வுகளில் ஒன்று இந்தியாவில் நடந்தது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிந்தைய நாட்களில் மக்களிடையே உலவிய பேச்சுகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டி, 1935இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். சந்திர கிரகணத்தன்று மறுபடி பெரிய நடுக்கம் வரும், நேபாள எல்லையிலிருந்து வெள்ளம் பாய்ந்து வருகிறது என்பன போன்ற பேச்சுகள் அதில் பதிவாகியிருந்தன. ஒரு பேரழிவில் தப்பியவர்கள் ஆறுதலான செய்தியைத்தானே தேடுவார்கள்? இவர்களோ இன்னும் பெரிய அழிவு வருகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இந்தப் புதிர் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரை வெகுநாள் யோசிக்க வைத்தது. பிரசாத் திரட்டிய பேச்சுகள் உலவியது, அதிர்வை உணர்ந்தும் தங்கள் ஊரில் இடிபாடு எதையும் காணாத மக்களிடையே என்பதை அவர் கவனித்தார். நெஞ்சு படபடக்கிறது, ஆனால் சுற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. வதந்தி அதைக் கொடுத்தது. டார்ஜிலிங்கில் நிலச்சரிவை நேரில் கண்ட மக்களைப் பற்றித் துர்கானந்த சின்ஹா 1952இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. கண்ணெதிரே அழிவைப் பார்த்தவர்களிடம் அப்படிப்பட்ட பேச்சு இல்லை. முரண்பட்ட எண்ணங்களை மனம் எப்படிச் சமாதானம் செய்துகொள்கிறது என்பது குறித்து ஃபெஸ்டிங்கர் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு இந்தப் பீகார் வதந்திகள் ஒரு தொடக்கப் புள்ளி.

ஆக, வதந்தி பயத்தை உண்டாக்குகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மைதான். பல வேளைகளில் பயம் முன்னரே இருக்கிறது. வதந்தி அதற்கு முகமும் முகவரியும் தருகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து வதந்திகளை ஆராய்ந்த கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் இருவரும் 1947இல் ஒரு எளிய விதியை முன்வைத்தார்கள். ஒரு வதந்தி உலவும் அளவு இரண்டு காரணிகளின் பெருக்கல்: அந்தச் செய்தி கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பற்றிய தெளிவு எவ்வளவு குறைவு. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில் பொருள் இருக்கிறது. இரண்டில் ஒன்று சுழியானாலும் வதந்தி எழாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது இரண்டுமே உச்சத்தில் இருந்தன. மின்சாரம் இல்லை, தொலைபேசி கிடைக்கவில்லை, எந்த ஏரியில் எவ்வளவு நீர் திறந்துவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்றும், சென்னையில் 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று நாசா கணித்திருக்கிறது என்றும் செய்திகள் கைபேசிகளில் பறந்தன. முதலைகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன என்று பண்ணை அறிவிக்க வேண்டியிருந்தது. நாசா அப்படி எதையும் சொல்லவில்லை. ஆனால் இடுப்பளவு நீரில் நிற்கும் வீட்டின் மொட்டைமாடியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டுமே நடக்கக்கூடியதாகத்தான் தோன்றியிருக்கும்.

ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் செய்த சோதனை ஒன்று இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது. ஓடும் ரயில் பெட்டிக்குள் நடக்கும் காட்சி ஒன்றின் படத்தை ஒருவருக்குக் காட்டினார்கள். அவர் அதைப் படத்தைப் பார்க்காத இன்னொருவருக்கு விவரித்தார்; அவர் அடுத்தவருக்கு. இப்படி ஐந்தாறு வாய் கடப்பதற்குள் விவரங்களில் சுமார் 70 சதவீதம் உதிர்ந்துபோனது. எஞ்சிய சில விவரங்கள் மட்டும் பெரிதாகி, கூர்மையாகி நின்றன. படத்தில் சவரக்கத்தி இருந்தது ஒரு வெள்ளையரின் கையில். பாதிக்கும் மேற்பட்ட சோதனைகளில், சொல்லிச் சொல்லி முடிவதற்குள் அந்தக் கத்தி எதிரே நின்ற கறுப்பினத்தவரின் கைக்கு மாறியிருந்தது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே எது குடியிருக்கிறதோ அதன் வடிவத்துக்குச் செய்தி வளைந்துகொடுக்கிறது. தமிழ்நாட்டில் இதைச் சொல்ல ஆய்வகம் தேவைப்படவில்லை. கறுப்பாக வாந்தி எடுத்தவன், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் காக்கை காக்கையாக வாந்தி எடுத்தவனாகிவிட்ட கதை பாட்டிமார் சொல்வதுதான்.

சமூக ஊடக வதந்திக்கும் இந்தப் பழைய வதந்திக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வாய்வழி வதந்தி ஒவ்வொரு வாயிலும் உருமாறும். அதிலேயே ஒரு பாதுகாப்பும் இருந்தது. ஒருவர் இரண்டு காக்கை என்றும் இன்னொருவர் ஐந்து என்றும் சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும். கைபேசியில் பகிரப்படும் காணொளியோ லட்சம் முறை கைமாறினாலும் ஒரு புள்ளி குறையாது. எங்கிருந்து வந்தாலும் அச்சு அசலாக ஒன்றே போல் இருப்பதால், நான்கு பேரிடமிருந்து வந்த ஒரே காணொளி நான்கு சாட்சிகளைப் போலத் தோன்றுகிறது. இங்கே மாறுவது காணொளியைச் சுற்றி இருப்பவை: எடுத்த இடம், எடுத்த நாள், எதற்காக எடுத்தார்கள் என்ற விவரம், மேலே ஒட்டப்படும் இரண்டு வரி.

பாகிஸ்தானின் கராச்சி நகரில், காணாமல்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு தொண்டு அமைப்புக்காக விழிப்புணர்வுப் படம் ஒன்று எடுக்கப்பட்டது. தெருவில் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். ஒரு சிறுவனை அள்ளிக்கொண்டு பறக்கிறார்கள். சில நொடிகளில் அதே வண்டி திரும்பி வருகிறது. சிறுவனை இறக்கிவிட்டு, பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் பதாகையைக் காட்டுகிறார்கள். இந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்தார்கள். மிச்சம் இருந்தது, தெருமுனைக் கண்காணிப்பு கேமராவில் பதிவானது போன்ற ஒரு பிள்ளைக் கடத்தல். 2017, 2018ஆம் ஆண்டுகளில் அது இந்தியாவின் பல மாநிலங்களில், அந்தந்த ஊரின் பெயரோடு, அந்தந்த மொழியின் எச்சரிக்கையோடு சுற்றியது. பிள்ளைகளைக் காப்பாற்ற எடுத்த படம் அப்பாவிகளின் உயிரை வாங்கும் கருவியானது.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் 2018 ஏப்ரல், மே மாதங்களில் ‘பிள்ளை பிடிக்கிறவர்கள்’ வந்திருக்கிறார்கள் என்ற செய்தி வாட்ஸ்ஆப் குழுக்களில் சூடாகியிருந்தது. மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம் காரில் போயிற்று. வழி கேட்க வண்டியை நிறுத்திய இடத்தில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி சாக்லேட் கொடுத்தார். வேறு எந்த மாதத்திலும் அது ஒரு பாட்டியின் வாஞ்சை. அந்த மாதத்தில் அது ஒரு அடையாளம் ஆகிவிட்டது. பார்த்த ஒருவர் சந்தேகப்பட்டு அடுத்த ஊருக்குத் தகவல் சொல்ல, கார் அங்கே போய்ச் சேருவதற்குள் கூட்டம் காத்திருந்தது. 65 வயதான அந்தப் பெண்மணி அடிபட்டு இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஜூலை முதல் தேதியில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள்.

இந்த நிகழ்வுகளை ‘படிப்பறிவில்லாத கூட்டம்’ என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம். அது தவறான விளக்கமும் கூட. செய்தியை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் யாரையும் கொல்ல நினைத்தவர்கள் அல்லர். அக்காள் தங்கைக்கு அனுப்பினாள், ‘பிள்ளையைத் தனியா விடாதே’ என்று. பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார் குழுவில் ஒருவர் பகிர்ந்தார், ‘உண்மையோ பொய்யோ, எதுக்கும் ஜாக்கிரதையா இருப்போம்’ என்று. வதந்தியின் முதன்மையான எரிபொருள் இந்த ‘எதுக்கும் இருக்கட்டும்’தான். அனுப்புவதற்கு ஒரு விரல் அசைவு போதும். செய்தி பொய்யென்றால் தனக்கு நட்டமில்லை. மெய்யாக இருந்து, சொல்லாமல் விட்டு, ஏதாவது நடந்துவிட்டால்? மனம் போடும் இந்தக் கணக்கு தனி ஒருவரின் அளவில் நியாயமானது. ஆயிரம் பேர் அதே கணக்கைப் போடும்போது அதன் மொத்த விலையை வழி கேட்க வண்டியை நிறுத்திய ஒரு அந்நியர் கொடுக்க நேர்கிறது.

மெய்யா பொய்யா என்று மக்களுக்கு அக்கறையே இல்லை என்பதும் சரியான முடிவு அல்ல. கார்டன் பெனிகுக், டேவிட் ராண்ட் முதலியோர் 2021இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், செய்தி துல்லியமாக இருப்பது தங்களுக்கு முக்கியம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். மெய்யான தலைப்பையும் பொய்யான தலைப்பையும் பிரித்தறியும் திறனும் ஓரளவுக்கு அவர்களிடம் இருந்தது. ஆனால் பகிரும் அந்த நொடியில் கவனம் வேறிடத்தில் இருந்தது: இதைப் பார்த்தால் நண்பர்கள் என்ன சொல்வார்கள், எத்தனை பேர் விரும்புவார்கள். ஒரே ஒரு தலைப்பின் துல்லியத்தைப் பற்றிச் சும்மா ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவர்கள் பகிர்ந்த செய்திகளின் தரம் சற்றே உயர்ந்தது.

வதந்தி ஒரு ஊரில் பரவுவதை நோய் பரவுவதோடு ஒப்பிடுவது பழைய வழக்கம். டேரில் டேலி, டேவிட் கெண்டால் என்ற கணிதவியலாளர்கள் 1964இல் இந்த ஒப்புமையைச் சமன்பாடுகளில் வைத்துப் பார்த்தார்கள். மக்களை மூன்றாகப் பிரித்தார்கள்: இன்னும் கேள்விப்படாதவர்கள், கேள்விப்பட்டுப் பரப்புகிறவர்கள், கேள்விப்பட்டும் பரப்புவதை நிறுத்திக்கொண்டவர்கள். நோயாளி குணமாவதற்குக் காலம் போதும். வதந்தி பரப்புகிறவர் ஓய்வது அப்படி அல்ல. ‘அட, அது எனக்கு அப்பவே தெரியுமே’ என்று எதிராளி சொல்லும்போதுதான் அவருக்கு உற்சாகம் வடிகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், வதந்தி அடங்கிய பின்னும் மக்களில் சுமார் 20 சதவீதம் பேர் அதைக் கேள்விப்படாமலேயே மிஞ்சியிருப்பார்கள் என்று வந்தது. வதந்தி தன்னாலேயே களைத்துப்போகும் என்பதுதான் அந்தச் சமன்பாடு சொன்ன சேதி.

கைபேசித் திரையில் இந்தத் தடுப்பு பலவீனமாகிறது. டீக்கடை பெஞ்சில் பழைய செய்தியைச் சொன்னால் கேட்பவரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். குழுவில் அனுப்பினால் எவருடைய முகமும் தெரியாது. மூன்று பேர் சொன்ன செய்தியை நான்காவதாக ஒருவர் அனுப்பினாலும் ‘தெரியும்’ என்று பதில் போடுவது மரியாதைக் குறைவு என்று பெரும்பாலோர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த மௌனம் ஒப்புதலாகப் படிக்கப்படுகிறது. அளவும் வேறு. 2018இல் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் 256 பேர் இருக்கலாம். ஒருவர் ஐந்து நிறைந்த குழுக்களுக்கு அனுப்பினால் 1,280 கைபேசிகளை அது எட்டும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி பிடித்துச் சொன்னால்தான் அத்தனை பேர் காதில் விழும்.

இந்த வலைப்பின்னலின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். ஒருவரது நெருங்கிய உறவினர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்களாகவே இருப்பார்கள். செய்தி அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். வட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோவது எப்போதாவது பேசும் பழைய வகுப்புத் தோழர், முன்பு வேலை பார்த்த இடத்துச் சக ஊழியர் போன்றோர். இத்தகைய மெல்லிய இழைகளே செய்தியைத் தொலைதூரம் கொண்டுசெல்கின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் காட்டினார். முன்பெல்லாம் அந்த இழைகள் வருடக்கணக்கில் பேசாமல் அறுந்துபோகும். இன்று பத்தாம் வகுப்புக் குழு, பழைய தெருவாசிகள் குழு என்று அவை எல்லாம் உயிரோடு, ஒவ்வொரு காலையும் வணக்கம் சொல்லிக்கொண்டு இருக்கின்றன. வட்டத்தைத் தாண்டும் செய்தி அங்கிருந்து மறுபடி ஒரு குடும்பக் குழுவுக்குள் நுழையும்போது, சித்தப்பா அனுப்பியதாக, மாமி அனுப்பியதாக மாறிவிடுகிறது. செய்தியின் நம்பகத்தன்மையை அதை முதலில் எழுதியவர் தருவதில்லை. கடைசியாக அனுப்பியவர் தருகிறார். வதந்தியைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதன் வேர் இங்கே இருக்கிறது. அது உறவின் தடத்தில் பயணம் செய்கிறது.

பொய் உண்மையைவிட வேகமாகப் போகிறதா என்ற கேள்விக்கு அளந்து பதில் சொன்னவர்கள் எம்.ஐ.டி.யின் சொரூஷ் வொசூகி, தேப் ராய், சினான் அரால் ஆகியோர். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய, உண்மை சரிபார்க்கும் அமைப்புகள் மெய்யென்றோ பொய்யென்றோ தீர்ப்பளித்த செய்திகளை எடுத்துக்கொண்டார்கள். சுமார் 1,26,000 செய்தித் தொடர்கள். ஏறத்தாழ 30 லட்சம் பேர் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பகிர்ந்தவை. 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரை எட்ட, பொய்க்கு ஆன நேரத்தைப்போல் ஆறு மடங்கு உண்மைக்கு ஆயிற்று. தானியங்கிக் கணக்குகளே இதற்குக் காரணம் என்று பலர் நினைத்தார்கள். அவற்றை நீக்கிப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. அவை மெய்யையும் பொய்யையும் ஒரே அளவில்தான் பரப்பியிருந்தன. வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்கள்.

ஏன் என்பதற்கு அவர்கள் கண்ட விடை புதுமை. பொய்ச் செய்தி அதுவரை கேள்விப்படாத ஒன்றைச் சொன்னது. அதற்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் மிகுந்திருந்தன. உண்மைக்கு நடந்ததை மட்டுமே சொல்லும் கட்டாயம் உண்டு. பொய்க்கு அந்தக் கட்டு இல்லை, கேட்பவரை எது உலுக்குமோ அதைச் சொல்லலாம். இதோடு திரும்பத் திரும்பக் கேட்பதும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கூற்றை இரண்டாம், மூன்றாம் முறை கேட்கும்போது அது முன்னைவிட மெய்யாகப் படுகிறது என்று லின் ஹேஷர் குழுவினர் 1977இல் சோதனையில் காட்டினார்கள். பழகிய முகம் நல்லவராகத் தோன்றுவதுபோல, பழகிய வாக்கியமும் உண்மையாகத் தோன்றுகிறது.

வதந்தி கிளம்பிய பிறகு மறுப்பு வெளியிடுவதுதான் அரசும் காவல்துறையும் முதலில் கையிலெடுக்கும் வழி. அது ஏன் போதவில்லை என்பதற்குத் தனியாக ஒரு ஆய்வு வரிசையே உண்டு. ஹோலின் ஜான்சனும் கொலீன் சைஃபெர்ட்டும் 1994இல் செய்த சோதனை அதில் புகழ்பெற்றது. கிடங்கு ஒன்றில் தீப்பிடித்த செய்தியைத் துண்டு துண்டாகப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சிற்றறையில் எண்ணெய்ப் பூச்சு டப்பாக்களும் எரிவாயு உருளைகளும் இருந்ததாக ஒரு துண்டு சொல்லும். பிறகு, அது தவறான தகவல், அறை காலியாகத்தான் இருந்தது என்று இன்னொரு துண்டு வரும். படித்தவர்களுக்கு அந்தத் திருத்தம் நினைவிருந்தது. ஆனாலும் புகை ஏன் அவ்வளவு கரியதாக இருந்தது, ஏன் வெடித்தது என்று கேட்டபோது, இல்லாத டப்பாக்களையும் உருளைகளையுமே காரணமாகச் சொன்னார்கள். மனம் ஒரு கதையைக் கட்டிவிட்ட பிறகு அதிலிருந்து ஒரு தூணை உருவ முடிவதில்லை. உருவிய இடத்தில் இன்னொரு தூணை நிறுத்த வேண்டும். தீவைப்புக்கான தடயம் கிடைத்தது என்று மாற்றுக் காரணம் தந்தபோதுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. ‘பிள்ளை பிடிக்கிறவர்கள் யாரும் வரவில்லை’ என்ற வெறும் மறுப்பு எடுபடாததன் காரணம் இதுவே. காணொளியில் கண்ணால் பார்த்தவருக்கு, அப்படியானால் அது என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அது கராச்சியில் எடுத்த படம், இதோ வெட்டப்பட்ட அதன் கடைசிப் பகுதி என்று காட்டினால் கேள்வி அடைபடுகிறது. ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்ற பழமொழி இந்த விஷயத்தில் பெருந்தீங்கு செய்கிறது. எந்த மறுப்பையும் அது நெருப்புக்கான சாட்சியாக மாற்றிவிடும்.

மறுப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. அது சித்தப்பாவிடமிருந்து வருவதில்லை, ஒரு அலுவலகத்திலிருந்து வருகிறது. ‘உடனே பகிருங்கள்’ என்று துடிக்க வைக்கும் எதுவும் அதில் இல்லை. வதந்தியைப் பகிர்ந்தவருக்கோ அதைத் தன் குழுவிலேயே திருத்திச் சொல்வது தலைகுனிவு. அதனால் வதந்தி போன தடத்தில் மறுப்பு போய்ச் சேருவதில்லை.

செய்தியை அல்லாமல் சாதனத்தையே அடைத்துவிடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. 2012 ஆகஸ்டில், வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படப்போகிறார்கள் என்ற வதந்தியால் பெங்களூருவிலிருந்தும் சென்னை, புனே நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினார்கள். ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அதற்குள் கவுஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் கிளம்பியிருந்தன.

இலங்கையில் நடந்தது இன்னும் துயரமானது. உணவில் கருத்தடை மாத்திரை கலந்து கொடுத்துச் சிங்களவர்களின் இனத்தைக் குறைக்க முஸ்லிம்கள் முயல்கிறார்கள் என்ற வதந்தி அங்கே ஃபேஸ்புக்கில் நெடுநாள் உலவியது. சாப்பாட்டில் கலந்து நிரந்தர மலடாக்கும் அப்படியொரு மாத்திரை மருத்துவத்தில் கிடையாது. 2018 பிப்ரவரி 26 அன்று அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட வந்தவர் கறியில் ஏதோ கட்டியைக் கண்டு சிங்களத்தில் கூச்சல் போட்டார். கடையில் இருந்தவர் தமிழ் பேசுபவர்; சிங்களம் அரைகுறை. மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்து, சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு நடுவே, தெரிந்த இரண்டு சிங்களச் சொல்லில் போட்டதாக ஒப்புக்கொள்வதுபோல் ஏதோ சொன்னார். அது கைபேசியில் பதிவானது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அந்தக் காணொளி ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று நாடு முழுக்கப் போயிற்று. அது மாவுக் கட்டிதான் என்று அரசுப் பகுப்பாய்வுத் துறை பின்னர் உறுதி செய்தது. அதற்குள் கண்டி மாவட்டத்தில் திகன உள்ளிட்ட இடங்களில் கலவரம் மூண்டு, மார்ச் 6 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, மறுநாள் ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப் உள்ளிட்ட செயலிகள் முடக்கப்பட்டிருந்தன. முடக்கத்தை வி.பி.என். மூலம் பலர் தாண்டிப்போனார்கள். பிள்ளை எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் ஊரடங்கு என்று கேட்க வேண்டியவர்களின் வழியும் அதோடு அடைபட்டது. ஆல்போர்ட், போஸ்ட்மன் விதிப்படி பார்த்தால், முடக்கம் தெளிவின்மையைக் கூட்டுகிறது. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது.

முதலில் கிளப்பிவிட்டவரைக் கண்டுபிடித்துத் தண்டித்தால் போதும் என்ற எண்ணமும் வலுவாக இருக்கிறது. வாட்ஸ்ஆப் 2016 முதல் முழுமையான மறையாக்கத்தில் இயங்குகிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நிறுவனமே செய்தியைப் படிக்க முடியாது. முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்று இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் கோருகின்றன. மறையாக்கத்தை உடைக்காமல் அது முடியாது என்று நிறுவனம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் ‘முதல் அனுப்புநர்’ என்பதே வழுக்கலான கருத்து. கராச்சிப் படத்தை எடுத்தவரா, வெட்டியவரா, தமிழில் இரண்டு வரி சேர்த்தவரா, கைபேசியில் இறக்கிப் புதிதாக ஏற்றியவரா?

ஓரளவு பயன் தந்தது, வேகத்தைக் குறைப்பது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியைத் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்ஆப் வரம்பு வைத்தது. அடுத்த ஜனவரியில் அதை உலகம் முழுக்க விரித்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அத்தகைய செய்திகளின் எண்ணிக்கை 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனம் அறிவித்தது. பிரேசில், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பொதுக் குழுக்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, ஐந்து உரையாடல் என்பது போன்ற வரம்புகள் பரவலைத் தாமதப்படுத்துகின்றன, மிகவும் சூடான செய்திகளை முற்றாகத் தடுப்பதில்லை என்று கண்டது. தாமதம் சின்ன விஷயம் அல்ல. அத்திமூரில் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் மறிக்கப்பட்ட காருக்கும் இடையே இருந்தது சில நிமிடங்கள்தான். இன்னும் சிறிது நேரம் கிடைத்திருந்தால், யாரோ ஒருவர் ‘எந்தக் கோயிலுக்குப் போறீங்க’ என்று கேட்டிருக்கலாம்.

மறுப்பைச் சரியான தடத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச் ஒரு சான்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள் என்று காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்பவர்களின் வீடுகளிலிருந்து ‘உடனே கிளம்பி வா’ என்று அழைப்புகள் வந்தன. ஹோலிப் பண்டிகை நெருங்கியிருந்ததால் ஊருக்குப் போகிறவர் யார், பயந்து ஓடுகிறவர் யார் என்று பிரிக்க முடியாதபடி ரயில் நிலையங்கள் நிரம்பின. அந்தக் கூட்டமே வதந்திக்குச் சாட்சியாகவும் காட்டப்பட்டது. தமிழ்நாட்டுக் காவல்துறைத் தலைவர் வெளியிட்ட விளக்கம் வெறும் ‘பொய்’ என்பதோடு நிற்கவில்லை. பரவிய காணொளிகளில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காணொளியைக் காணொளியாகப் பிரித்துச் சொன்னது. காவல்துறையினர் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே போய் இந்தியில் பேசினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து தம் மாநிலத் தொழிலாளர்களிடம் விசாரித்தது. ஊரில் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் குழுவின் சொல், சென்னையிலிருந்து வரும் அறிவிப்பைவிட நெருக்கமானது. சில நாட்களில் அந்தப் பீதி தணிந்தது.

முன்கூட்டியே தடுப்பூசி போடும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது. நோய்க்கிருமியைப் பலவீனமாக்கிச் செலுத்துவதுபோல, பொய்யின் உத்திகளை மென்மையான வடிவில் முன்னரே காட்டிவிட்டால் மனம் எதிர்ப்பாற்றல் பெறும் என்பது 1960களில் வில்லியம் மெக்குவயர் முன்வைத்த கருத்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சாண்டர் வான் டெர் லிண்டன் குழுவினர் அதை இணைய விளையாட்டாகவும் குறும்படங்களாகவும் ஆக்கிச் சோதித்திருக்கிறார்கள். பயன் தெரிகிறது. ஆனால் சில வாரங்களில் தேய்கிறது; மறுபடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

வதந்திகளும் அப்படி மறுபடி வருகின்றன. பிள்ளைக் கடத்தல் புரளி 2019இல் உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட வட மாநிலங்களில் எழுந்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டிலேயே மீண்டும் தலைதூக்கியது; பழைய காணொளிகள் புதிய ஊர்ப் பெயர்களோடு வந்தன, காவல்துறை மறுப்புகளைப் புதிதாக வெளியிட்டது. 2018இல் அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பொய்யென்று அறிந்தவர்களுக்கு அவை நினைவில் மங்கியிருந்தன. அதற்குப் பிறகு முதல் கைபேசி வாங்கியவர்களுக்கும், அதற்குப் பிறகு பிள்ளை பெற்றவர்களுக்கும் அவை முதல் முறை பார்க்கும் செய்திகளே.